சுட்டி தாவுகிறது

மடிக்கணினியில் தமிழ் எழுதுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. ஒரு வாக்கியத்தை எழுதிக்கொண்டே போய் நிமிர்ந்து பார்த்தால், அதன் பின்பாதி நான்கு பத்திகளுக்கு மேலே வேறொரு வாக்கியத்தின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. சொல்லின் தலை ஓரிடம், வால் ஓரிடம். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினால் இரண்டு வரிக்குள் மறுபடியும் அதே கதை. சில நேரம் ஒரு பத்தி முழுவதும் கண்ணெதிரிலேயே நிறம் மாறி, அடுத்த விசையைத் தட்டியதும் காணாமல் போய்விடும். இதை என்னிடம் சொன்ன ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் ஏறத்தாழ எல்லாருமே குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்கள். ஏதோ தம் கைவாகின் குறை போலவும், ‘நமக்கெல்லாம் கம்ப்யூட்டர் வராது’ என்பதற்கு இன்னொரு சான்று போலவும்.

அது எழுதுகிறவரின் குறை அல்ல என்பது என் கட்சி. வைரஸும் அல்ல. பெரும்பாலான வேளைகளில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடக்கூடிய ஒரு சிறு தொல்லை. ஆனால் நம் எழுத்தின் அமைப்பு காரணமாக, ஆங்கிலத்தில் அது செய்யும் கெடுதலைவிட மறைவான கெடுதலைத் தமிழில் செய்துவிடுகிறது. ஆகவே இது கணினிக் கடைக்காரர் சமாசாரம் என்று தமிழாசிரியர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கில்லை.

பெயரிலிருந்து தொடங்கலாம். கர்சர் என்பது இலத்தீனில் ஓடுகிறவன் என்று பொருள்படும் சொல். தமிழில் அதற்குச் சுட்டி என்று பெயரிட்டோம். பிறகு மவுசுக்கும் அதே பெயரை இட்டோம். இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இட்டுச் செல்லும் இணைப்பையும் சுட்டி என்றே எழுதினோம். இலக்கணம் படித்தவனுக்கு இச்சொல்லைக் கேட்டதும் அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் நினைவுக்கு வரும். குழந்தை உள்ள வீட்டாருக்குச் சுட்டிப்பிள்ளை நினைவுக்கு வரும். இந்த விஷயத்தில் பின்னதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

இந்தப் பெயர்க் குழப்பம் வெறும் கலைச்சொல் சண்டை அல்ல. நோயைக் கண்டறியவும் அது தடையாக இருக்கிறது. திரையில் உண்மையில் இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று, விரலசைவுக்கேற்ப நகரும் அம்பு. எழுத்தின் மேல் வரும்போது அது மெலிந்து ஆங்கில ‘ஐ’ போல நிற்கும். மற்றது, எழுத்து எங்கே விழும் என்பதைக் காட்டி மின்னிக்கொண்டிருக்கும் செங்குத்துக் கோடு. நாம் இரண்டையும் கர்சர் என்றே சொல்கிறோம். அம்பு எங்கே போனாலும் எழுத்துக்குக் கேடில்லை. கோடு இடம் மாறினால்தான் கேடு. அந்தக் கோடு தானாக ஓடாது. விசைப்பலகையில் ஒரு விசை அதை நகர்த்த வேண்டும். அல்லது அம்பு நிற்கும் இடத்தில் ஒரு ‘கிளிக்’ விழ வேண்டும். அல்லது நாம் எழுதிக்கொண்டிருக்கும் மென்பொருளே அதைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். நான்காவது வழி அபூர்வம்.

இவற்றுள் நடுவில் சொன்னதுதான் பத்துக்கு ஒன்பது முறையும் நடக்கிறது என்பது நான் பார்த்த அளவில் என் கணிப்பு. விசைப்பலகைக்குக் கீழே, நம் இரு உள்ளங்கைகளும் வந்து படியும் இடத்தில், டச்பேட் இருக்கிறது. அழுத்தினால்தான் கிளிக் என்றில்லை. இலேசாகத் தட்டினாலே கிளிக்காகக் கொள்ளும்படி அதை அமைத்து அனுப்புகிறார்கள். கட்டைவிரலின் அடிப்பகுதி அதன் ஓரத்தில் பட்டுவிட்டால் இயந்திரம் அதை ஒரு தட்டாக எடுத்துக்கொள்கிறது. அம்பு எந்த இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறதோ அந்த இடத்துக்குக் கோடு ஓடிவிடுகிறது. தட்டலோடு சிறிது இழுப்பும் சேர்ந்துவிட்டால் ஒரு பகுதி எழுத்து முழுவதும் தெரிவு செய்யப்பட்டு, அடுத்த விசை அதை விழுங்கிவிடுகிறது. பத்தி காணாமல் போகும் மாயம் இதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இடம் முதலில் கை ஓய்வதற்காகவே உண்டாக்கப்பட்டது. தொடக்ககால மடிக்கணினிகளில் விசைப்பலகை முன்விளிம்பை ஒட்டியே இருந்தது. கையை வைக்க இடமில்லை. 1991இல் வந்த ஆப்பிள் பவர்புக் கணினிகள் விசைப்பலகையைத் திரையை நோக்கிப் பின்னுக்குத் தள்ளி, முன்பக்கம் மணிக்கட்டு படிய ஒரு திண்ணை கட்டின. நடுவில் ஓர் உருளும் பந்து. 1994இல் அதே வரிசையில் வந்த பவர்புக் 500இல் பந்தை எடுத்துவிட்டு, தொடுதலை உணரும் பலகையை வைத்தார்கள். பின்னர் எல்லா நிறுவனங்களும் அவ்வழியே போயின. பலகையும் ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே வந்திருக்கிறது. ஓய்வுக்காகக் கட்டிய திண்ணையில், கை பட்டால் கூவும் மணியையும் கொண்டு பதித்துவிட்டார்கள். ஐபிஎம் நிறுவனம் 1992இல் திங்க்பேட் கணினியில் விசைகளுக்கு நடுவே சிவப்புக் குமிழ் ஒன்றை வைத்தது. அது உள்ளங்கையின் வழியில் குறுக்கிடாத ஏற்பாடு. ஆனால் சந்தை அதன் பக்கம் சாயவில்லை. (அந்தக் குமிழ் உள்ள கணினிகளில் அம்பு தானாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போவதுண்டு. சில நொடி கையை எடுத்துவிட்டால் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.)

இந்தச் சிக்கல் இயந்திரம் செய்கிறவர்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, விசைகள் தட்டப்படும்போது டச்பேட்டைச் சற்று நேரம் செவிடாக்கிவிடுவது. கடைசி விசை தட்டிய பிறகு நொடியின் ஒரு பகுதி, அல்லது அதைவிடச் சற்று அதிக நேரம், தொடுதல்களைப் பொருட்படுத்தாமல் விடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு யாரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது என்று பாருங்கள். நிறுத்தாமல் மளமளவென்று தட்டுகிறவரை. ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்காக யோசிக்கிறவருக்கு, விசைப்பலகையைக் குனிந்து பார்த்து ‘ழ’ எங்கே என்று தேடுகிறவருக்கு, மேற்கோளைச் சரிபார்க்கப் புத்தகத்தைத் திருப்புகிறவருக்கு அந்தக் காவல் பயன்படாது. அவர் யோசிக்கும் நேரத்தில் காவலாளி போய்விடுகிறான். கை பலகையின்மேல் படிந்திருக்கிறது. அந்தக் காலத்து டைப் இன்ஸ்டிடியூட்டில் மணிக்கட்டை உயர்த்தி வைத்துப் பழகி, அரசுத் தேர்வில் இளநிலை முதுநிலை தேறியவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் தாமாகக் கற்றுக்கொண்டவர்களும், கைப்பேசியிலிருந்து நேராக மடிக்கணினிக்கு வந்த இளைஞர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிந்தித்து எழுதுகிறவனைத் தண்டிக்கும் கருவி என்று சொன்னால் மிகை என்பீர்கள். சொல்லத்தான் தோன்றுகிறது.

எங்கள் மாவட்டத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் பலகை அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் நெருங்கும்போது மின்னேற்பில் உண்டாகும் சிறு மாற்றத்தை உணர்கிறது. ஈரம் அந்தக் கணக்கைக் குழப்பும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்தில், ஆனி ஆடிச் சாரலின்போதும், மழை விட்ட ஐப்பசிப் புழுக்கத்திலும் வியர்க்காத கை கிடையாது. உலர்ந்த துணியால் பலகையையும் கையையும் துடைத்துவிட்டு எழுதினாலே சிலருக்குத் தொல்லை பாதி குறைந்துவிடுகிறது. இதை நான் சொன்னபோது சிரித்தவர்கள் உண்டு. துடைத்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றே அழைப்பேன். நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடைகளில் பாடப்பட்ட வில்லுப்பாட்டுக் கதைகளில் சிலவற்றை, பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து பார்த்துப் படியெடுத்து வந்தார். பேரன் படிப்பு முடித்துவிட்டு வைத்துப்போன மடிக்கணினியில் ஒற்றை விரலால் தொடங்கி, இரண்டாண்டில் பத்து விரலுக்கு முன்னேறியவர். கோடு தாவத் தொடங்கியபோது, “வயசாயாச்சு, கை ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு” என்றுதான் அவரும் சொன்னார். என்னிடம் சொல்வதற்கு முன்பே ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். “வைரஸ் கேறியிருக்கு சார், பார்மேட் அடிச்சாத்தான் சரியாவும்” என்றார்களாம். அடித்தார்கள். டி டிரைவில் இருந்தவை தப்பின. மேசைத்திரையில், அதாவது டெஸ்க்டாப்பில், வைத்திருந்த கோப்புகள் போயின. ஒன்றரைக் கதை. கணினி வீட்டுக்கு வந்தது, புத்தம்புதிய விண்டோஸில் முதல் பத்தியை எழுதினார், கோடு தாவியது.

எந்தக் கடை என்பது இங்கே முக்கியமல்ல. எல்லா ஊரிலும் கேட்கும் வசனம்தான் அது. டச்பேட்டில் தட்டுவதைக் கிளிக்காக எடுத்துக்கொள்ளாதே என்று ஒரே ஒரு குறியை நீக்கியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்றுக்கு ஒன்றரைக் கதையைக் கொடுத்தோம். அந்த நோட்டுகளில் ஒன்று இரவல் வாங்கியது. இப்போது உரியவரிடம் திரும்பிப் போய்விட்டது. ஆகவே, யாரையும் கணினியைத் தொட விடுவதற்கு முன்னால், கோடு எங்கே தாவுகிறது என்று நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

பார்ப்பது எளிது. அம்பை உங்களுக்குத் தெரிந்த ஓரிடத்தில், எடுத்துக்காட்டாகப் பக்கத்தின் முதல் வரியில், வைத்துவிட்டு, பக்கத்தின் கீழே எழுதிக்கொண்டே போங்கள். கோடு தாவி அந்த முதல் வரிக்கே போனால் குற்றவாளி டச்பேட். சந்தேகமே வேண்டாம். வரியின் தொடக்கத்துக்கோ முடிவுக்கோ மட்டுமே தாவினால் ஹோம், எண்ட் போன்ற விசைகளில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேறொரு விசைப்பலகையைப் பொருத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்போதும் எழுதியவை அனைத்தின் கடைசிக்கே தாவுகிறது, அதுவும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் அல்லது ஒரு குறிப்பிட்ட பெட்டியில் மட்டும் என்றால் அது மென்பொருளின் பிழை. ஆங்கில எழுத்தில் தட்டத் தட்டத் தமிழாக மாற்றித் தந்த இணையப் பெட்டிகள் பலவற்றில் முன்பு இது இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியிலுள்ள எழுத்து முழுவதையும் அவை மாற்றி வைக்கும். கோடு கடைசிக்குப் போய்விடும். நடுவில் ஒரு சொல்லைத் திருத்தப் போனவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அங்கே கையைக் குறை சொல்வதும் டச்பேட்டைக் குறை சொல்வதும் வீண்.

டச்பேட் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம். இன்றைய விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதற்குள் ‘டச்பேட்’, அதற்குள் ‘டேப்ஸ்’. ஒரு விரலால் தட்டினால் கிளிக் என்ற குறியை நீக்கிவிட வேண்டும். அப்புறம் அழுத்தினால்தான் கிளிக், உள்ளங்கை அழுத்தாது. உணர்திறனைக் குறைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. மவுஸ் பொருத்தியிருக்கும்போது டச்பேட்டை அணைத்துவிடும் குறியும் அங்கேதான். லினக்ஸின் பல வடிவங்களில் தட்டச்சு செய்யும்போது டச்பேட்டை முடக்கும் ஏற்பாடு அமைப்புகளிலேயே உண்டு. பழைய கணினிகளில் கன்ட்ரோல் பேனலின் மவுஸ் பகுதிக்குள் சினாப்டிக்ஸ் என்ற பெயரில் ஒரு தாள் இருக்கும். அதில் ‘பாம்செக்’ என்பது உள்ளங்கையைக் கண்டுகொள்ளும் ஏற்பாடு. அதைக் கூட்டி வைக்கலாம். எழுத்து வேலை நிறையச் செய்கிறவர்களுக்கு என் பரிந்துரை இவை எல்லாவற்றையும்விடப் பாமரமானது: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்று, மவுஸ் ஒன்று. மடிக்கணினியைத் தள்ளி வைத்துவிட்டு அதில் எழுதலாம். கழுத்துக்கும் நல்லது.

இதற்குப் பிறகும் அம்பு நடுங்குகிறது, துள்ளுகிறது என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றுவிட்டால் மின்னிணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சார்ஜருக்குள் இருக்கும் வடிப்பான்களின் வழியாக மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் எப்போதும் உண்டு. மூன்றாவது முள்ளின் வழியாக அது நிலத்துக்குப் போக வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? சுவரில் இரண்டு ஓட்டைதான் என்று மூன்று முள்ளை இரண்டாக்கும் மாற்றியைப் பொருத்துகிறோம். அல்லது வீட்டில் எர்த் கம்பி பெயருக்கு மட்டும் இருக்கிறது. அந்தக் கசிவு கணினியின் உடலில் தங்குகிறது. உலோக உடலைத் தடவினால் ஒரு கூச்சம் தெரியுமே, அதுதான். மின்னேற்பின் நுண்ணிய மாற்றங்களை அளந்துகொண்டிருக்கும் பலகைக்கு இது பெரும் இரைச்சல். மலிவான போலி சார்ஜரும் இதையே செய்யும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வது கர்சருக்காக மட்டுமல்ல.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறதா, அழுத்தினால் முன்புபோல் அமுங்க மறுக்கிறதா, கணினி மேசைமேல் சமமாக உட்காராமல் ஆடுகிறதா, மூடி சரியாக மூடவில்லையா என்று பாருங்கள். பல கணினிகளில் மின்கலம் டச்பேட்டுக்கு நேர் கீழே அல்லது மிக அருகில் இருக்கிறது. லித்தியம் மின்கலம் பழசாகியோ சூடேறியோ உள்ளே வாயு உண்டாகி ஊதிவிட்டால் பலகையைக் கீழிருந்து முட்டும். அதனாலும் கர்சர் தாவும். அப்போது மேலே சொன்ன குறிகளை எல்லாம் நீக்கிக்கொண்டிருப்பது, வீட்டில் புகை வரும்போது கடிகாரத்தைத் திருத்துவது போல. அணைத்துவிட வேண்டும், சார்ஜ் ஏற்றக் கூடாது, அமுக்கவோ குத்தவோ கூடாது. தெரிந்தவரிடம் கொடுத்து மின்கலத்தை மாற்ற வேண்டும். பழையதைக் குப்பையில் போடக் கூடாது, தீப்பிடிக்கும். கோப்புகள் அப்புறம்.

இனி தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் கோடு தாவினால் சொல் உடையும்; உடைந்தது கண்ணில் படும்; பிழைதிருத்தியும் சிவப்புக் கோடு போடும். தமிழில் ஓர் எழுத்தே இரண்டு தட்டுகளால் ஆவது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் ‘கலை’ என்று எழுத க, ல, ஐ என்று தட்டுகிறோம். ல-வுக்கும் ஐ-க்கும் இடையே கோடு தாவிவிட்டால்? அம்பு கிடக்கும் இடம் மேலே ‘பாட வந்தான்’ என்ற தொடரில் ‘பாட’ என்பதன் ஓரம் என்று வைத்துக்கொள்வோம். சில மென்பொருள்கள் தனி ஐகாரத்தை அங்கே போடும். அது கண்ணில் பட்டுவிடும், நல்லது. சில மென்பொருள்கள் தாம் கடைசியாக எழுதியது ஒரு மெய்யேறிய எழுத்து என்ற நினைப்பிலேயே இருந்து, ஐகாரக் குறியை மட்டும் போடும். கீழே ‘கலை’ என்று வர வேண்டிய இடத்தில் ‘கல’ நிற்கிறது. மேலே பாட வந்தவன் ‘பாடை வந்தான்’ ஆகிவிட்டான். பிழைதிருத்தி இதற்கு வாய் திறக்காது. பாடையும் சொல்தானே. ஒரே விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்தில் தானாகப் புள்ளி விழும் வசதியும் தமிழ்99இல் உண்டு. இரண்டு தட்டுக்கு நடுவே தாவினால் ஒற்று ஒழிந்துபோகும். ஒருங்குறிக்கு முந்திய திஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கொம்பு ஒரு தனிக் குறி; கோடு கொம்புக்கும் அதன் மெய்க்கும் நடுவிலேயே போய் நிற்கும். ஒருங்குறி அந்த ஒரு வாசலையாவது அடைத்தது.

ஓலைச்சுவடிகளோடு புழங்கியவர்களுக்கு இந்த வகைப் பிழைகள் புதிதல்ல என்று தோன்றலாம். புள்ளியில்லாத மெய், குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு, காலா ரகரமா என்று தெரியாத குறி, இவற்றுக்கு நடுவிலிருந்துதான் உ.வே. சாமிநாதையரும் எஸ். வையாபுரிப் பிள்ளையும் பாடம் கண்டார்கள். ஏடெழுதுகிறவனின் கண்ணும் தாவும். ஒரே சொல் இரண்டு அடிகளில் வந்தால், முதல் அடியிலிருந்து கண் இரண்டாம் அடிக்கு வழுக்கி, நடுவிலுள்ளது விடுபட்டுப்போகும். ஆனால் கண் தாவியதற்கு ஒரு காரணம் ஏட்டிலேயே இருக்கிறது. ஒத்த சொல், ஒத்த எழுத்து. பதிப்பாசிரியர் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு விடுபட்டது எது என்று ஊகிக்க முடியும். கர்சரின் தாவலுக்கு எழுத்தில் காரணம் கிடையாது. அம்பு தற்செயலாகக் கிடந்த இடத்தில் அது விழுந்தது, அவ்வளவுதான். நாளைக்கு ஒருவர் இந்தப் பிரதியைப் பார்த்துப் ‘பாடை வந்தான்’ என்பதற்கு ஒரு நயவுரை எழுதினாலும் நான் வியப்படைய மாட்டேன். அதைவிடச் சாதாரணமாக, ஆய்வேட்டைத் திருத்துகிற பேராசிரியர் ‘இந்தப் பெண்ணுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுத வரவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவார். அப்படி முடிவு கட்டப்பட்ட ஒரு மாணவியை எனக்குத் தெரியும். கையால் எழுதிய தேர்வுத்தாளில் அவளுக்கு ஒற்றுப்பிழைகூட அரிது.

அரசு 2011 செப்டம்பர் 15இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பல இலட்சக்கணக்கில் கணினிகள் கைக்கு வந்தன. 2025 மார்ச்சில் வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தது. இத்திட்டத்தை இலவசம் என்று ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கள் மலையோரக் கிராமங்களிலிருந்தும் கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர் வீட்டில் முதல் கணினி அதுதான். ஆனால் அந்தக் கணினியில் அவர்கள் தமிழ் எழுதுகிறார்களா? கட்டுரைகளைக் கைப்பேசியில் கட்டைவிரலால் எழுதி அனுப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால், “அதுல எழுத்து ஓடுது சார்” என்கிறார்கள். ஓடுவதை நிறுத்த யாரும் கற்றுத் தரவில்லை. கணினிப் பயிற்சி என்ற பெயரில் தமிழ்த்துறைகளில் நடக்கும் வகுப்புகளில் ஒருங்குறியின் வரலாறு சொல்கிறோம், விசைப்பலகை வகைகளைத் தேர்வில் கேட்கிறோம். டச்பேட்டை அணைப்பது எப்படி என்று சொல்வதில்லை. அது பாடம் இல்லை என்பது நம் நினைப்பு. எழுத்தாணி பிடிக்கக் கற்றுக்கொடுத்த திண்ணை வாத்தியார்கள் அப்படி நினைக்கவில்லை. பேசினாலே எழுதித் தரும் வசதி வந்துவிட்டதே என்று ஒரு நண்பர் சொன்னார். வந்துவிட்டதுதான். ஐம்பது பக்க ஆய்வுக்கட்டுரையைப் பேசி எழுதிவிட்டு, அதைத் திருத்த மறுபடியும் அதே கோட்டிடம்தான் வந்தாக வேண்டும்.

ஏற்கெனவே தாவிக் கெட்ட கோப்புகளை என்ன செய்வது? அந்தக் கணத்திலேயே பார்த்துவிட்டால் கன்ட்ரோல் விசையோடு இசட். நாள் கடந்தவற்றுக்கு, நாம் மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம்தான் கைகொடுக்கிறது. நான் இதைச் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். அளபெடையையும் சுருக்கப் பெயர்களையும் விட்டால் தமிழ்ச் சொல்லின் நடுவில் தனி உயிரெழுத்து வராது. ஆகவே சொல்லின் நடுவில் அ முதல் ஔ வரை எங்கேனும் நிற்கிறதா என்று தேடினால், தாவிய இடங்களில் ஒரு பங்கு அகப்பட்டுவிடும். ண, ள, ழ, ற, ன ஆகியவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை. இடைவெளியும் அடுத்து இவற்றுள் ஒன்றும் என்று தேடினால் தலை போன சொற்களின் வால்கள் வரிசையாக வந்து நிற்கும். க், ச், த், ப் சொல்லின் இறுதியில் நின்றால் அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்க வேண்டும். தொல்காப்பியம் நூன்மரபில் சொல்லும் மெய்ம்மயக்க விதிப்படி இந்த நான்கும் தம்மோடு மட்டுமே மயங்கும். பக்தி, சப்தம் போன்ற வடசொற்களைத் தள்ளிவிட்டு, மற்ற இடங்களில் வேறு மெய்யோடு சேர்ந்து நிற்பவற்றைப் பார்க்கலாம். ட், ற் இறுதியில் வந்தாலே சந்தேகம்தான். ‘டச்பேட்’ என்று எழுதிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரைக்கு அந்த விதி செல்லாது என்பது வேறு விஷயம்.

பாடையை இந்த வலை பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசிக்க, மற்றவர் திரையைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஏடு ஒப்புநோக்கிய காலத்தில் செய்தது போலவே. அண்ணாச்சி வீட்டில் தப்பிய கதைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் பார்த்து வருகிறோம். அவர் நோட்டைப் பார்த்துப் பாட்டாகவே வாசிக்கிறார். நான் திரையைப் பார்க்கிறேன். மணிக்கு ஏழெட்டுப் பக்கம் போகிறது.